நிறமில்லை என்று சொல்வது யார்?

"இசைக்கு நிறம் கிடையாது." ஜாஸ், ப்ளூஸ், ராப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லி விவாதத்தை முடித்துவைக்கிறார். சொல்பவர் பெரும்பாலும் நல்லவர், இசையை உண்மையாகவே நேசிப்பவர். சுரங்கள் எல்லோருக்கும் பொது, கேட்கும் காதுக்கு இனம் தெரியாது, ஆகவே அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் "இது எங்கள் இசை" என்று சொல்வது குறுகிய மனம், கலையை அரசியலாக்கும் வேலை, ஆறிய புண்ணைக் கீறுவது என்பது அவருடைய வாதம். இன்று உலகம் முழுக்க இது ஒரு நாகரிகமான கருத்தாக நடமாடுகிறது. இசை இதழ்களில், விருது மேடைகளில், நம்மூர்ச் சபா வாசலில்கூட இதைக் கேட்கலாம்.

இந்த வாதம் தவறு. தவறு மட்டுமல்ல, அநீதிக்குத் துணைபோவதும்கூட. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், வெள்ளையர் ஜாஸ் வாசிக்கக் கூடாது என்று பொறுப்புள்ள எந்தக் கறுப்பினக் கலைஞரும் கதவை மூடவில்லை. 1958இல் மைல்ஸ் டேவிஸ் தன் குழுவில் பில் எவன்ஸ் என்ற வெள்ளைப் பியானோ கலைஞரைச் சேர்த்துக்கொண்டார். அதற்காகக் கறுப்பின ரசிகர்கள் சிலரின் கோபத்தைச் சந்தித்தார், அசையவில்லை. கறுப்பினக் கலைஞர்கள் கேட்டதெல்லாம் வேறு. தாங்கள் உண்டாக்கியதற்குத் தாங்களே பெயர் வைக்கும் உரிமை, அதில் வந்த பணத்துக்குக் கணக்கு, கணக்குப் பிசகினால் பதில் சொல்ல ஓர் ஆள். இதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் வரும்போதுதான் "இசைக்கு நிறமில்லை" என்ற வாக்கியம் குறுக்கே வந்து நிற்கிறது.

இசைக்கு நிறம் பூசியவர்கள் யார் என்று பார்ப்போம். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி நியூயார்க்கில் ஓகே நிறுவனத்துக்காக 'கிரேஸி ப்ளூஸ்' பாடிப் பதிவுசெய்தார். ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலைத் தட்டில் ஏற்ற வைப்பதற்கு, பாடலாசிரியர் பெர்ரி பிராட்ஃபோர்டு நிறுவனங்களின் படிகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. தட்டு வெளிவந்ததும் விற்றுத் தள்ளியது. கறுப்பினச் சந்தை என்று ஒன்று இருப்பது அப்போதுதான் முதலாளிகளுக்கு உறைத்தது. உடனே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசை, தனி விலைப்பட்டியல், கறுப்பினப் பத்திரிகைகளில் தனி விளம்பரம் என்று ஏற்பாடானது. பில்போர்டு இதழ் 1942இல் இந்த இசைக்கான தரவரிசையை 'ஹார்லெம் ஹிட் பரேடு' என்றது, 1945இல் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றது, 1949இல் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது. ஒரு தடவைகூடப் பாடியவர்களைக் கேட்டு வைத்த பெயர் இல்லை. கடை அலமாரியில், வானொலி அலைவரிசையில், நடன அரங்கின் வாசலில் எல்லாம் நிறம் பார்த்தே இசை விற்கப்பட்டது. நிறம் இல்லை என்ற தத்துவம் அந்த வியாபாரிகளில் ஒருவருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

1930இல் யுனிவர்சல் நிறுவனம் 'கிங் ஆஃப் ஜாஸ்' என்ற வண்ணப்படத்தை எடுத்தது. அரசராக முடிசூட்டப்பட்டவர் பால் ஒயிட்மேன் என்ற வெள்ளை இசைக்குழுத் தலைவர். படத்தின் உச்சக் காட்சியில் ஜாஸ் எப்படிப் பிறந்தது என்று காட்டுகிறார்கள். ஒரு பெரிய கொப்பரைக்குள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின், ரஷ்யா என்று ஐரோப்பிய நாடுகளின் இசையெல்லாம் ஒவ்வொன்றாக இறங்குகிறது. கலந்து வருவது ஜாஸ். அந்தக் கொப்பரையில் ஆப்பிரிக்கா இல்லை. நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினத் தெருக்கள் இல்லை. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் டியூக் எலிங்டனும் புகழோடு வாசித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. "எல்லோருக்கும் பொது" என்ற கொப்பரையில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் கரண்டி ஒருவர் கையில் இருந்தது. நிறமற்ற இசை என்ற கற்பனைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இனிப் பணத்துக்கு வருவோம். ரசிகர்கள் இந்தப் பேச்சை விரும்புவதில்லை. ஆனால் இதைத் தாண்டிக்கொண்டு இசையைப் பற்றிப் பேச முடியாது.

ரூத் பிரவுன் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் ஊர்க்காரர், 1928இல் பிறந்தவர். அட்லாண்டிக் நிறுவனத்துக்குப் பாட நியூயார்க் போகும் வழியில் கார் விபத்தில் படுகாயம் அடைந்து, மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1950களின் முற்பகுதியில் அவருடைய பாடல்கள் வரிசையாக முதலிடம் பிடித்தன. சின்ன நிறுவனமாக இருந்த அட்லாண்டிக் அந்தத் தட்டுகளின் மேல் எழுந்து நின்றது. 'ரூத் கட்டிய வீடு' என்றே அதை ஊர் அழைத்தது. பத்தாண்டுகள் கழித்து அந்த வீட்டைக் கட்டியவர் பிறர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டினார். இரண்டு மகன்களை அப்படித்தான் வளர்த்தார். அவர் பாடிய தட்டுகள் அப்போதும் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன.

இது எப்படி நடந்தது? அன்றைய ஒப்பந்தங்களில் பாடகருக்கு விற்பனையில் மிகச் சிறிய சதவீதம் ராயல்டி. ஒலிப்பதிவுக்கூடச் செலவு, வாத்தியக்காரர் கூலி, கைச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் பாடகர் கணக்கில் பற்றாக எழுதப்படும். பற்று தீரும்வரை ராயல்டி கைக்கு வராது. தட்டு எத்தனை விற்றாலும் புத்தகத்தில் பாடகர் கடன்காரர். புத்தகத்தை எழுதுவது நிறுவனம், திறந்து காட்டுவதும் காட்டாததும் அதன் விருப்பம். மறுவெளியீடும் வெளிநாட்டு விற்பனையும் வரவில் ஏறினவா என்று பாடகருக்குத் தெரிய வழியே இல்லை. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கு இந்த முறை புதிதல்ல. நிலக்காரரின் கடையில் கடனுக்கு விதையும் மாவும் வாங்கி, அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்த்தால் எப்போதும் பாக்கி நிற்கும். பாட்டனிடம் வாங்கிய அதே கையெழுத்தைப் பேத்தியிடம் இசைத்தட்டு நிறுவனம் வாங்கியது.

ரூத் பிரவுன் ஓயவில்லை. ஹோவெல் பெகிள் என்ற வழக்கறிஞர் துணைநிற்க, பல ஆண்டுகள் கணக்குக் கேட்டார், நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். 1988இல் அட்லாண்டிக் இறங்கி வந்தது. பழைய பற்றுகளைத் தள்ளுபடி செய்தது, தமக்குச் சேர வேண்டியதைக் கேட்டுக் காத்திருந்த பழைய கலைஞர்களுக்கு ராயல்டியைத் திருத்திக் கொடுத்தது, முதிய கலைஞர்களுக்கு உதவ 'ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன்' தொடங்கப் பணமும் கொடுத்தது. தனக்கு மட்டும் தீர்வு வாங்கிக்கொண்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. "எங்கள் இசை" என்ற சொல்லில் உள்ள 'எங்கள்' என்பதன் பொருளை அறிய விரும்புகிறவர் இந்த 1988ஆம் ஆண்டு ஏற்பாட்டைப் பார்க்கட்டும்.

ஆர்தர் குரூடப்புக்கு அந்த நல்வாய்ப்பும் கிட்டவில்லை. 1946இல் அவர் எழுதிப் பாடிய 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலைத்தான் 1954இல் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் தட்டாகப் பாடினார். எல்விஸ் உலகறிந்தவர் ஆனார். குரூடப் பண்ணைக் கூலியாக உழைத்தார். கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 60,000 டாலருக்கு ஒரு சமரசம் பேசி முடிக்கப்பட்டது. கையெழுத்துப் போடும் நேரத்தில் பதிப்பு நிறுவனம் பின்வாங்கியது. 1974இல் அவர் வெறுங்கையோடு இறந்தார். எல்விஸ் திருடினார் என்று நான் சொல்லவில்லை. குரூடப்பின் பாட்டைத் தான் கேட்டு வளர்ந்ததை எல்விஸ் மறைத்ததும் இல்லை. ஒரு பாட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது இசையின் இயல்பு. பணம் மட்டும் எதிர்த்திசையில் வராமல் போவது இயல்பு அல்ல, அதற்கு ஒப்பந்தமும் பதிவேடும் ஆட்களும் தேவை.

"வெள்ளைக் கலைஞர்களையும்தானே நிறுவனங்கள் ஏமாற்றின?" என்று உடனே கேட்பார்கள். ஏமாற்றின, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு வழக்கறிஞரிடம் போக வழி இருந்தது, பெரிய வானொலி நிலையங்கள் இருந்தன, நல்ல சங்கம் இருந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தில் நிறம் பார்த்துக் கிளைகளைப் பிரித்துவைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு கிளைகளும் ஒன்றானது 1953இல், சிகாகோவில் 1966இல். 1955இல் ஃபேட்ஸ் டோமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாட்டை பேட் பூன் என்ற வெள்ளைப் பாடகர் மறுபடி பாடினார். பொதுத் தரவரிசையில் டோமினோ பத்தாம் இடம், பூன் முதலிடம். அதே ஆண்டு சக் பெர்ரியின் முதல் தட்டு 'மேபெலின்' வெளிவந்தபோது, அதை எழுதியவர்கள் பட்டியலில் ஆலன் ஃபிரீட் என்ற வானொலி அறிவிப்பாளரின் பெயரும் இன்னொருவர் பெயரும் ஏறியிருந்தன. தன் பாட்டை எழுதியவர் தான் மட்டுமே என்ற உரிமையைத் திரும்பப் பெற பெர்ரிக்கு 1986 வரை ஆனது. இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு ஒரு புதிய செய்தி. 2020இல் பிஎம்ஜி நிறுவனம் தான் வாங்கிய பழைய ஒப்பந்தத் தொகுப்புகளைத் தானே ஆராய்ந்தது. கறுப்பினத்தவரும் மற்றவரும் சேர்ந்து இருந்த 15 தொகுப்புகளில் நான்கில், கறுப்பினக் கலைஞர்களின் ராயல்டி 1.1 முதல் 3.4 சதவீதப் புள்ளிகள் வரை குறைவு என்று அதுவே வெளியிட்டது. கணக்குப் புத்தகத்துக்கு நிறம் தெரிந்திருக்கிறது.

பெயரைப் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். மேளக் கலைஞர் மேக்ஸ் ரோச் 1960இல் 'வி இன்சிஸ்ட்! ஃப்ரீடம் நவ் ஸ்வீட்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேசையில் போய் உட்கார்ந்த ஆண்டு அது. அந்தக் காட்சியே தொகுப்பின் அட்டையில் இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் துப்பாக்கிச் சூடு வரை அந்த இசை பேசியது. தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடைசெய்தது. அதில் பாடிய ஆபி லிங்கன் அடுத்த ஆண்டே தன் பெயரில் 'ஸ்ட்ரெய்ட் அஹெட்' வெளியிட்டார். டவுன் பீட் இதழில் ஐரா கிட்லர் எழுதிய விமர்சனம் அவரை 'தொழில்முறை நீக்ரோ' என்றது. அவர் தன் இனத்தைப் பற்றிப் பாடியது பிரச்சாரமாம். தன் தாயும் பாட்டியும் பட்டதைப் பாடும் பெண்ணிடம், அதை விட்டுவிட்டுப் பொதுவான மனிதத் துயரத்தைப் பாடு என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? பொதுவான மனிதன் யார் என்பது ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. அந்தத் தொகுப்புக்குப் பிறகு ஆபி லிங்கனின் தலைமையில் அடுத்த தொகுப்பு 1973இல்தான் பதிவானது. அதுவும் அமெரிக்காவில் அல்ல, ஜப்பானில்.

டியூக் எலிங்டனுக்கு நடந்தது இன்னும் பண்பான முறையில் நடந்தது. 1965இல் புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் அவருக்குச் சிறப்பு விருது தரப் பரிந்துரைத்தார்கள். வாரியம் நிராகரித்தது. நடுவர்களில் இருவர் விலகினார்கள். எலிங்டனுக்கு அப்போது 66 வயது. ஜாஸுக்கு முதன்முதலாகப் புலிட்சர் கிடைத்தது 1997இல். எலிங்டனுக்குச் சிறப்பு விருதை அறிவித்தது 1999இல், அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின். இசைக்கு நிறமில்லை என்றால் இந்த 34 ஆண்டுத் தாமதத்துக்கு என்ன பெயர்?

இப்படிப்பட்ட சூழலில் தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொள்வதைக் குறுகிய மனம் என்கிறார்கள். அந்தக் குறுகிய மனம் செய்த வேலையைப் பாருங்கள். 1965இல் சிகாகோவின் தென்பகுதியில் முகல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் நண்பர்களும் ஏஏசிஎம் என்ற கலைஞர் சங்கத்தைத் தொடங்கினார்கள். மேடை ஏறினால் சொந்த ஆக்கத்தையே வாசிக்க வேண்டும் என்பது விதி. தாங்களே அரங்கு பிடித்தார்கள், தாங்களே நுழைவுச்சீட்டு விற்றார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இசைப்பள்ளி நடத்தினார்கள். அங்கிருந்து புறப்பட்ட ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ குழு தன் இசையை 'மகத்தான கறுப்பின இசை' என்று அறிவித்துக்கொண்டு உலகம் சுற்றியது. அதைக் கேட்டு யாருடைய காது அடைபட்டது? ஐரோப்பாவின் அரங்குகள் நிறைந்தன. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவனிடம் உலகம் சுருங்கிவிடுவதில்லை. பெயரைப் பறிகொடுத்தவன் பாட்டைத்தான் உலகம் மற்றவன் பாட்டாகக் கேட்கிறது.

நிறமில்லாத இசையின் அன்பு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு எரிக் கிளாப்டன் ஒருவரே போதும். மிசிசிப்பி ப்ளூஸைத் தன் உயிர் என்று சொன்ன ஆங்கிலக் கிதார் கலைஞர். அமெரிக்காவில் அவருக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த ஒரே பாட்டு ஜமைக்காக்காரர் பாப் மார்லியுடையது. அந்தக் கிளாப்டன் 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் மேடையில் நின்று, குடியேறிய மக்களை வெளியேற்ற வேண்டும் என்று இனவெறி கக்கினார், குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனக் பவலுக்கு ஆதரவு கேட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அதற்காக வெட்கப்படுவதாகச் சொன்னார், அது நல்லது. அன்றைக்கு அதைக் கண்டித்துத்தான் 'ராக் அகென்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. ஒரு மக்களின் இசையை நேசிப்பவர் அந்த மக்களை நேசிக்கிறார் என்று பொருளில்லை. இசையை மக்களிடமிருந்து உரித்து எடுத்து நேசிக்க முடியும் என்பதைத்தான் "நிறமில்லை" என்ற வாக்கியம் சாத்தியமாக்குகிறது.

இப்போது எதிர்த்தரப்பின் இன்னொரு வாதம். "பொறுப்பைப் பற்றிப் பேசுகிறீர்களே, ராப் பாடகர்களின் பொறுப்பு என்ன? துப்பாக்கி, போதைப்பொருள், பெண்களை இழிவாகப் பேசுவது, இவற்றுக்கு யார் பதில் சொல்வது?" நியாயமான கேள்வி. ஆனால் இதைக் கேட்பவர்களில் பலர் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள்: பாட்டில் சொன்னதும், வாழ்வில் செய்ததும்.

பாட்டில் சொன்னதற்கு அமெரிக்க நீதிமன்றங்கள் கறுப்பின இளைஞர்களிடம் வாங்கும் விலை என்ன என்று தெரியுமா? லூசியானாவின் மேக் பிப்ஸ் ஓர் இளம் ராப் பாடகர். முன் குற்றம் எதுவும் இல்லாதவர். 2000இல் ஓர் இசை நிகழ்ச்சியின் போது விடுதியில் நடந்த கொலையில் அவர் கைதானார். வேறொருவர் தானே சுட்டதாக வாக்குமூலம் கொடுத்தும் அரசுத் தரப்பு ஏற்கவில்லை. அவருடைய இரண்டு வெவ்வேறு பாடல்களிலிருந்து வரிகளை எடுத்து ஒட்டவைத்து, இவன் எப்படிப்பட்டவன் பாருங்கள் என்று நடுவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். 30 ஆண்டு தண்டனை. 2021இல் ஆளுநரின் கருணையால் வெளியே வந்தபோது 21 ஆண்டுகள் போயிருந்தன. ஜானி கேஷ் 1955இல் ஒரு கொலைகாரனின் குரலில் பாடினார், அதைக் கலை என்று சரியாகவே புரிந்துகொண்டார்கள். காவல் அதிகாரியைச் சுட்டதாகப் பாடிய கிளாப்டனை எந்தக் காவல் நிலையமும் அழைக்கவில்லை. என்.டபிள்யூ.ஏ. குழு காவல்துறையைத் திட்டிப் பாடியதற்கு 1989இல் எஃப்பிஐ உயரதிகாரி ஒருவர் அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனத்துக்கே கடிதம் எழுதினார். கற்பனை செய்யும் உரிமைக்கும் நிறம் இருக்கிறது. 2022இல் கலிஃபோர்னியா, பாடல் வரிகளைச் சாட்சியமாக்குவதற்குக் கட்டுப்பாடு விதித்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே குற்றச்சாட்டின் உண்மைக்கு ஆதாரம்.

வாழ்வில் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே நான் கறுப்பினச் சமூகத்துக்குள்ளேயே நிலவிய ஒரு கருத்தையும் மறுக்க வேண்டியிருக்கிறது. நம் ஆண்களை நாமே காட்டிக்கொடுக்கக் கூடாது, வெள்ளையர் சிறைகள் ஏற்கெனவே அவர்களால் நிரம்பியிருக்கின்றன, ஆகவே வீட்டு விஷயம் வீட்டோடு என்ற கருத்து. அதன் பின்னால் உண்மையான அச்சம் இருக்கிறது. பொய்க் குற்றச்சாட்டில் மரத்தில் தொங்கவிடப்பட்ட ஆண்களின் நினைவு இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? சிறுமிகள்.

புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் ஆர். கெல்லி 1994இல் 15 வயதுச் சிறுமியான பாடகி ஆலியாவை மணந்ததாகச் சான்றிதழ் இருந்தது. 2000இல் சிகாகோ சன் டைம்ஸ் பத்திரிகையில் ஜிம் டிரோகாட்டிஸும் சக செய்தியாளரும் கெல்லியின் நடத்தையை விரிவாக எழுதினார்கள். 2008இல் ஒரு வழக்கில் அவர் விடுதலையானார். இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டுகள் விற்றன, வானொலி ஒலித்தது, நிறுவனம் இலாபம் பார்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் கறுப்பினச் சிறுமிகள் என்பதால் வெளி உலகம் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பின நட்சத்திரம் என்பதால் உள்ளே பலர் கேட்கவில்லை. 2017இல் அட்லாண்டாவில் ஒரோனிகே ஓடெலேயே, கென்யெட் டிஷா பார்ன்ஸ் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் அவருடைய பாட்டை ஒலிபரப்பாதே என்று இயக்கம் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் ட்ரீம் ஹாம்ப்டனின் பங்களிப்போடு வந்த 'சர்வைவிங் ஆர். கெல்லி' ஆவணத்தொடரில் பெண்கள் முகம் காட்டிப் பேசினார்கள். அந்த மாதமே ஆர்சிஏ நிறுவனம் அவரைக் கைகழுவியது. 2021இல் புரூக்ளின் நீதிமன்றம் குற்றவாளி என்றது, 2022இல் 30 ஆண்டு சிறை. பதினேழு ஆண்டுகளாகச் செய்தித்தாள்களும் வழக்குகளும் செய்து முடிக்காததை அந்தப் பெண்களின் பிடிவாதம் ஐந்து ஆண்டுகளில் செய்தது.

அந்தத் துணிவு திடீரென்று முளைத்ததில்லை. 1977இல் பாஸ்டனின் கும்பாஹி ரிவர் கலெக்டிவ் பெண்கள், இன விடுதலையும் பெண் விடுதலையும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க முடியாது என்று அறிக்கை எழுதினார்கள். 1990இல் சமூகவியலாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ், கறுப்பினப் பெண் தன்னைத் தானே வரையறுத்துக்கொள்வதை ஒரு வலிமையாக விளக்கி எழுதினார். அவர் அதற்கான சான்றுகளில் ஒன்றை எடுத்தது ப்ளூஸ் பாடகிகளிடமிருந்து. 2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரி மாணவிகள், நெல்லி என்ற ராப் பாடகர் தன் காணொளியில் பெண்களைக் காட்டிய விதத்துக்கு எதிரே நின்று பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் வரவே இல்லை. தன்னை வரையறுத்துக்கொண்டவர்கள் தம்மவரிடம் சலுகை காட்டுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த மாணவிகள் பதில். தன் பெயர் தன்னிடம் இருப்பவரால்தான் தன் வீட்டைக் கூட்டிப் பெருக்க முடிகிறது.

இசைக்கு நிறமில்லை என்ற வாதத்துக்கு நம் ஊரிலும் ஓர் எதிரொலி உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் சென்னையில் பா. ரஞ்சித்தின் முயற்சியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது, கானாவும் ராப்பும் ஒரே மேடையில் கலந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரெடுத்த அந்தக் குழுவிடமும் "இசையில் ஏன் சாதியைக் கொண்டுவருகிறீர்கள்" என்று கேட்டார்கள். பறையடிப்பவனை ஊருக்கு வெளியே நிறுத்தியபோது அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் அவன் மேடை ஏறியதும் கேட்டார்கள். கறுப்பினக் கலைஞர்கள் நூறு ஆண்டுகளாகச் சந்தித்த அதே கேள்வி.

கடைசியாக மீண்டும் அமெரிக்காவுக்கும் பணக் கணக்குக்கும் வருவோம். 2020இல் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் கையில் கொல்லப்பட்ட பின், ஜூன் 2ஆம் தேதி, ஜமீலா தாமஸ், பிரியானா அஜிமாங் என்ற இரண்டு கறுப்பினப் பெண் நிர்வாகிகளின் அழைப்பில் அமெரிக்க இசைத்தொழில் ஒருநாள் நின்றது. நிறுவனங்கள் சமூக வலைத்தளத்தில் கறுப்புச் சதுரம் போட்டன. 2021இல் சோனியும் 2022இல் வார்னரும் யுனிவர்சலும் 2000ஆம் ஆண்டுக்கு முன் கையெழுத்திட்ட கலைஞர்களின் பழைய பற்றுகளை இனி ராயல்டியில் பிடிப்பதில்லை என்று அறிவித்தன. ரூத் பிரவுன் 1988இல் வாங்கிய நியாயத்துக்கு மற்றவர்கள் 33 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதுவரை பிடித்த பணத்தைப் பற்றி அந்த அறிவிப்புகளில் பேச்சில்லை. பழைய ஒலிப்பதிவுகளின் உடைமையைப் பற்றியும் பேச்சில்லை. பெரும்பாலானவை இன்றும் அந்நிறுவனங்களின் சொத்து.

ஆகவே இசைக்கு நிறமில்லை என்று சொல்ல விரும்பும் நண்பரிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்த வாக்கியத்தைப் பாடகர்களிடம் சொல்லாதீர்கள். அவர்களுக்கு அதைக் கேட்டு ஆவது ஒன்றுமில்லை. கணக்குப் புத்தகங்களை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் போய்ச் சொல்லுங்கள், புத்தகங்களை வெளித் தணிக்கையாளர் முன் திறந்து வைக்கச் சொல்லுங்கள், பிடித்துவைத்த ராயல்டியை உரியவரின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் கொடுக்கச் சொல்லுங்கள்.